பாதி விலைக்கு ஏழு கத்தி

பேரம் பேசுவதில் பத்துமலைக்கு இணையாக ஒத்தைப்பாலத் தோட்டத்தில் ஓர் ஆள் இல்லை. பேசிய பேரத்தைப் பெருமை அடித்துக்கொள்வதிலும் அவனுக்கு இணை கிடையாது. ஈப்போ சந்தையில் கால் வீசை கருவாடு வாங்கி வந்தாலும் போதும், கடைக்காரன் சொன்னதென்ன, இவன் கேட்டதென்ன, கடைசியில் அவன் மூஞ்சி எப்படிச் சுருங்கியது என்று கூலிகள் குடியிருக்கும் லயம் முழுக்கக் கதை நடக்கும். மங்களம்கூட, "வாங்குறத வாங்கிட்டு வாய மூடிக்கிட்டு இருந்தா என்ன?" என்று கேட்டுப் பார்த்துவிட்டாள். கட்டின பெண்டாட்டி சொல்லித் திருந்திய புருஷன் எந்தத் தோட்டத்தில் இருக்கிறான்?

அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் ஈப்போவுக்குப் போனது கத்தி வாங்க. காடு வெட்டும் கும்பலுக்கு அவன்தான் தலை. அவனோடு சேர்த்து ஏழு ஆள். தோட்டத்தில் கொடுத்த பாராங்குக் கத்திகள் பிடி ஆடுகிற சாமான்கள். முந்தின மாதம் மூங்கில் புதரில் ஓங்கி வெட்டும்போது ஒன்று பிடியை விட்டுப் பறந்து பிச்சைமுத்துவின் கெண்டைக்காலைப் பிளந்துவிட்டது. புதுசு கேட்டதற்கு, சம்பளத்தில் பிடிக்கத்தான் வேண்டும் என்றார் ஆபீசில் கணக்கெழுதும் கிராணி கார்த்திகேசு. பிடிக்கிற காசுக்கு நாமே உருப்படியாக வாங்கிக்கொள்ளலாம் என்று ஏழு பேரும் முடிவு செய்தார்கள்.

ஈப்போவில் சிலிபின் பக்கம் சாலையோரத்தில் ஒரு கூர்க்கா சாக்கு விரித்து உட்கார்ந்திருந்தான். பட்டாளத்தை விட்டு விலகியவன். கல்கத்தாவில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கியவன். சாக்கின்மேல் முன்பக்கம் வளைந்து தலை கனத்த கத்திகள் கிடந்தன. நேப்பாளத்துக் கொல்லர்கள் கையால் அடித்துப் பட்டாளத்துக்கு அனுப்பியவை அவை. அங்கே சோதித்தவர்கள் இவற்றைக் கழித்துத் தள்ளிவிட்டார்கள். ஒன்றின் கொம்புப் பிடியில் மயிரிழைக் கீறல். ஒன்றின் முதுகில் சுத்தியல் தழும்பு. ஒன்றில் கடற்காற்று பட்டுக் கறுப்புப் புள்ளிகள். வேறொன்றின் உறைத்தோலில் எண்ணெய்க் கறை.

"லுவார் சாஜா, லுவார் சாஜா," என்றான் கூர்க்கா அரைகுறை மலாயில். பழுது மேலே மட்டும்தான் என்பதைக் காட்ட, பக்கத்தில் கிடந்த மூங்கிலை ஒரே போடு போட்டான். மூங்கில் இரண்டாகப் போயிற்று.

பத்துமலைக்கு வாயில் எச்சில் ஊறியது. ஆனாலும் முகத்தைச் சுளித்துக்கொண்டு, பிடிக்குப் பக்கத்தில் கத்தி வாயில் இருந்த ஒரு வெட்டைத் தொட்டுக் காட்டினான். "இங்க பாரு, பல்லு போயிருக்கு."

கூர்க்கா விழுந்து விழுந்து சிரித்தான். ஏழு கத்தியையும் திருப்பிக் காட்டினான். எல்லாவற்றிலும் அதே இடத்தில் அதே வெட்டு. அவர்கள் ஊர்க் கத்திக்கு அடையாளமே அதுதானாம். பத்துமலை அதற்கெல்லாம் அசையவில்லை. ஏழிலும் பல் போயிருக்கிறது, அப்படியானால் ஏழுக்கும் விலை குறை என்று உட்கார்ந்துவிட்டான். வெயில் இறங்குவதற்குள் பாதி விலைக்கு ஏழையும் சாக்கில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினான்.

லயத்தில் ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பழுது இருந்ததால் எவன் கத்தி எது என்று குழப்பமே இல்லை. கொம்புப் பிடியில் வெள்ளைத் திட்டு விழுந்திருந்ததைச் சீனி எடுத்துக்கொண்டான். கும்பலில் அவன்தான் இளையவன், கைவேகமும் அவனுக்குத்தான்.

அதற்கடுத்த இரண்டாம் நாள் சீனியின் மனைவி பாப்பாவுக்கு வலி எடுத்தது. ஆள் வந்து சொன்னதும், சீனி யாரையும் கேட்காமல் வேலையைப் போட்டுவிட்டு ஓடினான். வழியில் மறித்த சின்னத் துரை, சீமையிலிருந்து வந்து ஆறு மாதம்கூட ஆகாத பையன், கையிலிருந்த பிரம்பால் சீனியின் கன்னத்தில் ஒரு வீச்சு வீசினான். கண்ணிலிருந்து தாடை வரைக்கும் கோடு விழுந்து வீங்கிவிட்டது.

அன்று சாயங்காலம் கத்தியைக் கல்லில் தீட்டிக்கொண்டே சீனி சொன்னான். "இன்னொரு தடவ எம்மேல கை வச்சான்னா வெட்டிப்புடுவேண்ணே."

"வாய மூடுடா. எவன் காதுலயாச்சும் விழப்போவுது," என்று பத்துமலை அதட்டினான். வேறு யார் காதிலும் விழவில்லை.

பெண் குழந்தை பிறந்தது. பாப்பாவுக்கு அதற்கு முன் பிறந்த இரண்டும் ஒரு வாரம் தங்கவில்லை. உடம்பு வில்லாக வளைந்து, இழுத்து இழுத்துப் போய்விட்டன. அதனால் மருத்துவச்சி மாரியம்மா இந்தக் குழந்தையைப் பாயில் போடாமல் முறத்தில் போட்டாள். வாசலில் வேப்பிலை செருகினாள். பதினாறாம் நாள் வரைக்கும் ஓர் ஆண்பிள்ளை நிழலும் விழக்கூடாது என்று வாசலிலேயே உட்கார்ந்துகொண்டாள். சீனிகூட வெளியேதான் படுத்தான்.

அந்த வாரத்திலேயே ஆயுத பூசை வந்தது. மாரியம்மன் கோயிலில் ரப்பர் பால்வாளி, உளி, மண்வெட்டி, கோடாலி எல்லாவற்றையும் கழுவி அடுக்கினார்கள். நடுநாயகமாகக் கூர்க்காக் கத்திகள். பூசாரி ராமையா சந்தனம் தடவி, குங்குமத்தைக் குழைத்து வாய் நெடுகப் பூசி, எலுமிச்சம்பழத்தை அறுத்துப் பிழிந்தார். வழக்கம்போல் பெரிய துரையை மாலை போட அழைத்திருந்தார்கள். துரை தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, சிரித்த முகத்தோடுதான் வந்தார்.

கத்திகளைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு போய்விட்டது. பெரிய சண்டையில் கூர்க்காப் பட்டாளத்துக்குப் பக்கத்திலேயே கிடந்தவர் அவர். இருட்டில் அந்தக் கத்தி மனிதக் கழுத்தை என்ன செய்யும் என்று கண்ணால் கண்டவர். இப்போது அவருடைய தோட்டத்தில், அவருடைய கூலிகள் மத்தியில், சிவப்பு வழிய வரிசையாகக் கிடக்கின்றன. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அந்த மனுஷனுக்குக் குங்குமம் என்று எப்படித் தோன்றும்?

"இது யாரு கொண்டுவந்தான்? எத்தனை?" துரைக்குத் தமிழ் தெரியும், மரியாதைதான் தெரியாது.

நம் பத்துமலை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முன்னால் வந்தான். "நாந்தான் தொரை. ஏழு! அசல் கூர்க்கா சாமான். மேல கொஞ்சம் கீறல், அவ்வளவுதான். பாதி வெலைக்கு அடிச்சேன்."

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். ஏழு என்று அவன் சொன்னதும் துரை கண்ணாலேயே எண்ணினார். ஆறுதான் இருந்தன.

"எடு. எல்லாம் எடு," என்றார் துரை.

"இன்னைக்குத் தொடக்கூடாது தொரை," ராமையா பதறினார். "நாளைக்கு மறுபூசை போட்டுத்தான் எடுக்கணும்." காவலுக்கு நின்ற சீக்கிய ஜாகா துரையின் முகத்தைப் பார்த்தான். பிறகு செருப்புக் காலோடு உள்ளே போய், அம்மன் முன்னாலிருந்து ஆறு கத்திகளையும் சாக்கில் அள்ளினான். பெண்கள் வாயில் கை வைத்துக்கொண்டார்கள். ஆண்கள் பக்கம் ஒரு முனகல் எழுந்து அடங்கியது. அந்த முனகல் துரையின் காதிலும் விழுந்தது, அதற்கும் அவர் வேறு அர்த்தம் வைத்துக்கொண்டார்.

"மற்றது எங்கை, பத்துமலை?" கார்த்திகேசுக் கிராணி கிட்டே வந்து மெல்லக் கேட்டார். யாழ்ப்பாணத்து மனுஷன், குரல் உயர்த்திப் பேசமாட்டார். "கெதியாச் சொல்லும். துரை நல்லா இல்லை."

"சீனியோடது. அவன் வீட்டுல தீட்டு, அதான் கோயிலுக்குக் கொண்டாரல. இருங்க, போய் எடுத்தாரேன்."

கிராணியும் ஜாகாவும் பின்னால் வர, பத்துமலை சீனி வீட்டு வாசலுக்குப் போனான். மாரியம்மா நிலைப்படியில் குறுக்கே கை வைத்து மறித்தாள். "பச்ச ஒடம்புக்காரி படுத்திருக்கா. ஆம்பளைங்களுக்கு இங்க என்ன வேல?"

"சீனியோட கத்தி வேணும்க்கா. தொரை கேக்குறாரு. எல்லாருதையும் பிடுங்கிட்டாரு."

மாரியம்மாவின் முகத்தில் என்னவோ ஓடி மறைந்தது. "இங்க ஏது கத்தி? அவன் சாமான அவன்தான் வச்சிருப்பான்."

"சீனி எங்க?"

"விடியக்காலமே போனவன். வெந்நியில போட நொச்சித் தழை பறிக்கப் போறேன்னான்."

ஜாகா உள்ளே நுழையப் பார்த்தான். கார்த்திகேசு அவன் கையைப் பிடித்து நிறுத்தினார். பிள்ளை பெற்ற வீட்டுக்குள் போவது அவருக்கும் ஆகாத காரியம். பத்துமலை ஆற்றுப் பக்கம் திரும்பிப் பார்த்தான். நொச்சிப் புதர் இருப்பது ஆற்றோரத்தில். ஆற்றுக்குப் போகும் பாதை சின்னத் துரையின் பங்களாவை ஒட்டிப் போகிறது. கன்னத்தில் கோடு விழுந்தவன், கத்தியோடு, விடியற்காலையிலிருந்து காணோம்.

ஆபீசில் பெரிய துரை மேசைக்குப் பின்னால் நின்றிருந்தார். சின்னத் துரை சன்னலோரத்தில் துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஈப்போ போலீசுக்கு ஆள் போயாயிற்று. துரை விரலை நீட்டினார். "கத்தி வரலே, நீ கப்பல். உன் ஆளுங்க எல்லாம் கப்பல்."

அது வெறும் மிரட்டல் இல்லை. போன வருஷம் பக்கத்துத் தோட்டத்தில் கத்தி எடுத்துச் சண்டை போட்ட ஒருவனைப் பினாங்கில் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பிவிட்டார்கள். பெண்டாட்டி பிள்ளைகள் இங்கேயே நின்றுவிட்டார்கள். அந்த ஆளுக்காவது அங்கே ஓர் ஊர் இருந்தது. பத்துமலை இந்த மண்ணில் பிறந்தவன். பத்துமலை முருகனுக்கு நேர்ந்துகொண்டு பெற்றதால் அவனுக்கு அந்தப் பெயர். நாகப்பட்டினத்தில் இறக்கிவிட்டால் வலப்பக்கம் நடப்பதா இடப்பக்கம் நடப்பதா என்றுகூட அவனுக்குத் தெரியாது. மங்களத்தின் முகமும் இரண்டு பிள்ளைகளின் முகமும் கண்முன் வந்தன.

"சீனிகிட்டதான் தொரை இருக்கும்," என்றான். அதோடு நிறுத்தியிருக்கலாம். கேட்டது கத்தியை மட்டும்தான். ஆனால் பயந்தவன் வாய் நிற்காது. "எங்களுக்கு ஒண்ணும் சம்பந்தமில்ல தொரை. அவன்தான் அன்னைக்குச் சொன்னான், சின்ன தொரை இன்னொரு தடவ கை வச்சா வெட்டுவேன்னு."

கார்த்திகேசு கண்ணை மூடிக்கொண்டார். அதை இங்கிலீசில் சொல்ல வேண்டிய வேலைகூட அவருக்கு வைக்கவில்லை, துரைக்கே புரிந்துவிட்டது.

ஆற்றுப் பாதையிலேயே சீனியைப் பிடித்து, அவன் துண்டாலேயே கையைக் கட்டி இழுத்து வந்தார்கள். நொச்சிக் கட்டு கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அவன் நேரே பத்துமலையைப் பார்த்துத்தான் கேட்டான். "என்னண்ணே? என்ன கேக்குறாங்க இவுங்க?"

"கத்தி எங்கே?" என்றார் துரை.

"வீட்டுல எரவாணத்துல சொருகி வச்சிருக்கேன் தொரை."

"வீட்டுல இல்லை," என்றான் ஜாகா. சீனி திகைத்துப் போனான்.

"வெட்டுவேன் சொன்னியா?"

சீனி மறுபடி பத்துமலையைப் பார்த்தான். இந்தத் தடவை அவன் ஒன்றும் கேட்கவில்லை. "சொன்னேன்," என்றான். "அடிபட்ட அன்னைக்குச் சொன்னேன்."

ரப்பர் புகைபோடும் கொட்டடியில் அவனைத் தள்ளிப் பூட்டினார்கள்.

பத்துமலை எப்படி லயத்துக்கு வந்து சேர்ந்தான் என்று அவனுக்கே தெரியாது. வீட்டுக்குப் போகக் கால் வரவில்லை. மாரியம்மா முன்னால் போய் நின்றான். "சீனியப் புடிச்சிட்டாங்கக்கா. சின்ன தொரைய வெட்டுவேன்னவன், கத்திய எங்கயோ ஒளிச்சு வச்சிருக்கான்னு சொல்லி… போலீசு வருதாம். கப்பல் ஏத்திருவாங்க."

மாரியம்மா தலையில் அடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "ஐயோ பாவி, நாந்தாண்டா எடுத்தேன்! புள்ள முறத்துக்கடியில வச்சிருக்கேன். ரெண்ட வாரிக் குடுத்தவடா அவ. துருப்புடிச்ச பாராங்க வைக்கிறதா, நல்ல எஃகா இருக்கட்டும்னு எரவாணத்துலேர்ந்து உருவி வச்சேன். பதினாறு வரைக்கும் எடுக்கக்கூடாது. நீ வந்து தொரை பிடுங்குறாருன்னு சொன்னே. குடுத்தா இதுவும் போயிருமேன்னு… இல்லேன்னுட்டேன்."

பெற்றவள் பக்கத்தில், பிறந்த குழந்தை பக்கத்தில் இரும்பு வைப்பது எந்த வீட்டில் இல்லை? மங்களத்துக்கு இரண்டு தடவையும் அவனே வைத்தான். அந்த வாசலில் நின்று கேட்டபோது, இருக்கிற இடங்களிலெல்லாம் இந்த ஓர் இடம் மட்டும் அவன் புத்தியில் வரவில்லை. பயம் ஒரே ஒரு பக்கம்தான் பார்க்கவிட்டது. பத்துமலைக்குத் தன் முகத்திலேயே அறைந்துகொள்ள வேண்டும் போலிருந்தது.

"குடுக்கா. ஓடிப்போய்க் குடுத்துட்டு வாரேன்."

உள்ளேயிருந்து பாப்பாவின் குரல் வந்தது. "வெட்டுவேன்னு அவரு சொன்னத யாரு போய்ச் சொன்னது?" எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் படுத்திருந்திருக்கிறாள். பிறகு சேலை சரசரக்கும் சத்தம் கேட்டது.

பாப்பா முறத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். முகத்தில் இரத்தமே இல்லை. முறத்தில் பழஞ்சேலைத் துணிக்குள் குழந்தை தூங்கியது. துணிக்கடியிலிருந்து கத்தியின் வளைந்த முனை வெளியே தெரிந்தது.

"நீ தொடாதண்ணே. புள்ளைய விட்டு அது போவாது. அது போற எடத்துக்குப் புள்ளையும் வரும்."

"ஏய், பச்ச ஒடம்புடி! வாசப்படி தாண்டக்கூடாதுடி!" மாரியம்மா கத்தினாள். பாப்பா தாண்டிவிட்டாள்.

செம்மண் சாலையில் அவள் சுவரைப் பிடித்து நடக்கிறவளைப் போல ஒவ்வோர் அடியாக வைத்தாள், அங்கே பிடிக்கச் சுவர்தான் இல்லை. மாரியம்மா அழுதுகொண்டே பின்னால் வந்தாள். ஆபீஸ் திருப்பம் வந்ததும் பத்துமலைக்குச் சுருக்கென்றது. சன்னலில் சின்னத் துரை எழுந்து நிற்கிறான். லயத்திலிருந்து கூலிகள் வருகிறார்கள். நடுவில் ஒரு கத்தி முனை வெயிலில் மின்னுகிறது. துப்பாக்கி மேலே ஏறியது.

பத்துமலை இரண்டு கையையும் தலைக்கு மேல் விரித்துக்கொண்டு பாப்பாவுக்கு முன்னால் போய் நின்றான். தொண்டை கிழியக் கத்தினான். "சுடாதீங்க தொரை! பச்சப்புள்ள! முறத்துல பச்சப்புள்ள இருக்கு!" துப்பாக்கி இறங்கவில்லை. அவன் நகரவும் இல்லை. வேட்டி நனைந்தது. கால் வழியாக இறங்கி மண்ணில் பட்டதையும் உணர்ந்தான். அந்த நேரத்துக்கு அவனுக்கு வெட்கம்கூட வரவில்லை.

கார்த்திகேசு குடையையும் எடுக்காமல் வெளியே ஓடி வந்து, சின்னத் துரைக்குப் புரியும்படி இங்கிலீசில் கத்தினார். துப்பாக்கி இறங்கியது.

பாப்பா ஆபீஸ் தரையில் முறத்தை இறக்கி வைத்தாள். பெரிய துரை குனிந்து, தூங்குகிற குழந்தையைப் பார்த்தார், கத்தியைப் பார்த்தார், பிடியில் விழுந்திருந்த வெள்ளைத் திட்டைத் தொட்டுப் பார்த்தார். கார்த்திகேசு வழக்கத்தை எடுத்துச் சொன்னார். தன் தாயும் தனக்குப் பாக்குவெட்டி வைத்தாள் என்றார். கடைசியில் துரை கொட்டடிச் சாவியை ஜாகாவிடம் கொடுத்து, போலீசுக்கு வரவேண்டாம் என்று சொல்லச் சொன்னார்.

பத்துமலை சுவரில் சாய்ந்து மூச்சு விட்டான். கப்பல் இல்லை. யாருக்கும் இல்லை.

ஆனால் சின்னத் துரை இங்கிலீசில் ஏதோ சொன்னான். பெரிய துரை தலையை ஆட்டினார். கார்த்திகேசு அதைத் தமிழில் சொல்லும்போது பத்துமலையின் பக்கம் திரும்பவே இல்லை. "கத்தி கிடைச்சிட்டுது, அது சரி. ஆனா வெட்டுவன் எண்டு சொன்னதைச் சீனி தன்ரை வாயாலை ஒப்புக்கொண்டவன். அப்பிடிச் சொன்னவனைத் தோட்டத்திலை வைக்கேலாதாம். நாளைக்கு வெளிக்கிட வேணும்."

நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியாது. பத்துமலை துரையின் காலில் விழுந்து பார்த்தான். "பொய் தொரை, நான் பொய் சொன்னேன்," என்று அழுதும் பார்த்தான். துரை காலை நகர்த்திக்கொண்டார். ஏழு கத்திகளும் ஆபீஸ் அலமாரிக்குள் போயின. ஏழாவதைக் குழந்தையின் துணிக்கடியிலிருந்து ஜாகாதான் உருவினான்.

மறுநாள் காலையில் சீனியின் சாமான்கள் மாட்டு வண்டியில் ஏறின. பாகான் டத்தோவில் தென்னந்தோப்பு வேலை இருப்பதாக யாரோ சொல்லியிருந்தார்கள். ஒரு பானை, ஒரு பாய், நொச்சிக் கட்டு. பாப்பா வண்டிக்குள் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வெயில் படாமல் முந்தானையை மேலே பிடித்திருந்தாள். லயத்து ஆட்கள் வண்டியைச் சுற்றி நின்றார்கள். பத்துமலை வந்ததும் விலகி வழிவிட்டார்கள், எவனும் அவனோடு பேசவில்லை.

அவன் தன் வீட்டு அரிவாளைக் கழுவிக் கொண்டுவந்திருந்தான். இரும்பைக் கைக்குக் கை கொடுக்கக்கூடாது என்று, பாப்பாவின் காலடியில் வண்டிப் பலகையில் வைத்தான்.

"புள்ளைக்குப் பக்கத்துல வச்சுக்கம்மா. போற வழியெல்லாம் காடு."

பாப்பா அரிவாளைப் பார்த்தாள். அவள் குரலில் கோபம் இல்லை; தெரியாததைக் கேட்கிறவள் போலத்தான் கேட்டாள்.

"இரும்பு பேய்க்குத்தாண்ணே வைக்கிறது. மனுசனுக்கு என்னத்த வைக்கிறது?"

அரிவாளை அங்கேயே விட்டு, பத்துமலை பலகையிலிருந்து கையை எடுத்துக்கொண்டான். சீனி மாட்டைத் தட்டினான், வண்டி புறப்பட்டது.